பன்றிக்கு வேண்டாம், உங்களுக்கு வேண்டும்

டெக்சாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர் தன் பண்ணைக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூப்பிடுகிறார். செமி-ஆட்டோமேட்டிக் ரைபிளும் அவரே தருவாராம். லைசென்ஸ் வேண்டாம் என்கிறார். போகலாமா சார்?
– வாசகர், டாலஸ்

போகலாம். ஆனால் லைசென்ஸ் எடுத்துவிட்டுப் போங்கள். நண்பர் சொல்வது பாதி சரி. 2019 செப்டம்பர் முதல், நில உரிமையாளர் சம்மதித்தால் டெக்சாஸில் காட்டுப்பன்றியைச் சுட வேட்டை உரிமம் தேவையில்லை. அது மாநிலச் சட்டம். மத்திய சட்டமோ, உங்களைப்போல் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதையே குற்றம் என்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. பன்றிக்காக இல்லை, விசாவுக்காக எடுங்கள்!

செமி-ஆட்டோமேட்டிக் என்றதும் சினிமாவில் வருவதுபோல் தடதடவென்று பொழியாது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே குண்டுதான். அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். முதல் வெடிச் சத்தத்திலேயே பன்றிக்கூட்டம் சிதறி ஓடிவிடும், அதனால்தான் அடுத்த குண்டைச் சட்டென்று சுடும் இந்த ரைபிளுக்கு அங்கே மவுசு. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையில் விரல் வைக்காதீர்கள். தோலுரிக்கும்போது கையுறை கட்டாயம். புருசெல்லா கிருமி ரத்தத்தின் வழியே தொற்றும். கறியை நன்றாக வேகவிடுங்கள். மிளகு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.