எலிக்கு வந்தால் நமக்கும் வருமா?

கேள்வி: பிளாஸ்டிக்கை இளக்கும் தாலேட் ரசாயனம் எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் தந்ததாமே, நமக்கும் தருமா?

பதில்: இரத்தப் பைகளை வளைய வைக்கும் டிஇஹெச்பியைத்தான் கேட்கிறீர்கள். 1982இல் வெளியான அமெரிக்க ஆய்வில் எலி, சுண்டெலி இரண்டுக்கும் கட்டி வந்தது உண்மை. ‘பிபிஏஆர் ஆல்ஃபா’ என்ற ஏற்பியை அது தூண்ட, அவற்றின் கல்லீரல் செல்கள் தாறுமாறாகப் பெருகும். மனிதக் கல்லீரல் அப்படி ஆடுவதில்லை. மார்மோசெட் குரங்குகளும் அசரவில்லை. அதை நம்பி, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2000இல் டிஇஹெச்பியை ‘வகைப்படுத்த இயலாதது’ என்று இறக்கிவைத்தது. அவசரம் என்பேன். பிறகு, அந்த ஏற்பியே இல்லாத சுண்டெலிகளுக்கும் கட்டி வந்தது! 2011இல் ‘புற்றுநோய் தரக்கூடும்’ பட்டியலுக்கே மீண்டது.

இன்னொரு வேடிக்கை: டைபியூட்டைல் தாலேட் கருவிலுள்ள ஆண் எலியின் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கிறது, சுண்டெலிக் கருவில் குறைப்பதில்லை. ஆனால் விந்தணுவாக வேண்டிய செல்கள் இரண்டிலுமே கெடுகின்றன.