புடைத்த பிறகுதான் மூட்டை

மட்டாஞ்சேரி மிளகு வியாபாரிகளிடம் ‘கார்பிள்டு’ என்றால் சுத்தம் செய்தது என்று பொருள். காம்பு, மண், பொக்கு மணி எல்லாம் நீக்கிய மிளகுதான் ‘மலபார் கார்பிள்டு’; எம்.ஜி. 1 என்பது அதில் ஒரு தரப்பெயர். கணினிக்காரர்களிடம் அதே சொல்லுக்கு நேரெதிர்ப் பொருள்: எழுத்து உருக்குலைந்து படிக்க முடியாமல் போன கோப்பு.

இரண்டு கூட்டத்துக்கும் கொச்சிதான் ஊர். டெபியன் இயங்குதளத்தின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் முதல் முறையாக இந்தியாவுக்கு வந்தது 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை. இடம், காக்கநாடு இன்ஃபோபார்க். அதற்கு வெகு முன்பே கேரளத்தில் மென்பொருளை டெபியனுக்கேற்ற பேக்கேஜாகக் கட்டும் வேலை வேரூன்றிவிட்டது. பைரேட் பிரவீன் என்று அறியப்படும் டெபியன் டெவலப்பர் முன்னின்ற முயற்சியால் 2016-ல் கிட்லேப் டெபியனுக்குள் வந்தது. பெயருக்கு அது ஒரே மென்பொருள். அதைத் தூக்கி நிறுத்த ரூபி லைப்ரரிகள் நூற்றுக்கணக்கில் தனித்தனிப் பேக்கேஜாகத் தேவைப்பட்டன.

புதிதாகக் கை வைப்பவருக்கு ஜேசான், யாமல், மெசேஜ்பேக் மாதிரியான ஒரு தரவு வடிவத்தைப் படித்து எழுதும் லைப்ரரி தோதானது. அளவில் சின்னது, சார்ந்து நிற்கும் லைப்ரரிகளும் குறைவு.

முதலில் அது ஏற்கெனவே டெபியனில் இருக்கிறதா என்று தேட வேண்டும். ‘ரூபி-’, ‘பைத்தான்3-’, ‘லிப்’ என்று முன்னொட்டோடு ஒளிந்திருக்கும். இல்லையென்றால் ரிப்போர்ட்பக் கருவியில் ஐ.டி.பி., அதாவது ‘இதை நான் செய்யப் போகிறேன்’ என்ற அறிவிப்பு. அதற்குக் கிடைக்கும் எண் சேஞ்ச்லாக்கில் ஏற வேண்டும். பிறகு ரூபிக்கு ஜெம்2டெப், நோடுக்கு என்பிஎம்2டெப், சி மொழிக்கு டிஹெச்-மேக். ஒரே கட்டளையில் ‘டெபியன்’ அடைவு முளைத்துவிடும். டிஹெச்-மேக் கொட்டிவிட்டுப் போகும் மாதிரிக் கோப்புகளை அந்த நிமிடமே அழித்துவிடுவது நல்லது. பிறகு பார்க்கலாம் என்று வைத்தவர் எவரும் பார்த்ததில்லை. ரூல்ஸ் கோப்புக்கு மூன்று வரி போதும். அது முப்பதாக வளர்ந்தால் எங்கோ வழி தவறியிருக்கிறது.

பில்ட் ஓடி, .டெப் கோப்பு கையில் வந்ததும் பலர் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது அதற்கப்புறம், ‘காப்பிரைட்’ கோப்பில்.

ரீட்மீயில் எம்.ஐ.டி. உரிமம் என்று ஒரு வரி இருக்கும். புதியவர் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு எல்லாக் கோப்புக்கும் அதையே எழுதிவிடுவார். ஆனால் புதுப் பேக்கேஜுகளைச் சரிபார்க்கும் எஃப்.டி.பி. மாஸ்டர்கள் ரீட்மீயோடு நிற்பதில்லை. கோப்பு கோப்பாகப் போகிறார்கள். தரவு வடிவ லைப்ரரியில் அழுக்கு பெரும்பாலும் மூல நிரலில் இருக்காது, சோதனைக்கான அடைவிலும் ஆவண அடைவிலும்தான் படிந்திருக்கும். ஜேசானுக்கு இலக்கணம் சொல்லும் ஆர்.எஃப்.சி. 8259-ஐ (2017) லைப்ரரியை எழுதியவர் ஆசையாக ஒரு நகல் எடுத்து உள்ளே வைத்திருப்பார். ஆர்.எஃப்.சி. உரையை விருப்பப்படி திருத்தி வெளியிட அனுமதி இல்லாததால் அது டெபியனுக்கு ஆகாது. ஆவணத்தின் தேடல் பெட்டிக்காகச் சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று, மூலம் இல்லாமல், கிடக்கும். யாரோ ஒருவருடைய தளத்திலிருந்து இறக்கிய மாதிரித் தரவும் இருக்கும். அதன் உரிமம் யாருக்கும் தெரியாது.

ஜேசானுக்கு இதில் தனிக் கதையே உண்டு. அதைப் பரப்பிய டக்ளஸ் கிராக்ஃபோர்டு தம் நிரலின் உரிமத்தில், நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், தீயதற்குக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் உரிமத்தை டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளில் ஆறாவது ஏற்பதில்லை. இந்த ஒரு வரிக்காகவே 2013 வாக்கில் டெபியனும் ஃபெடோராவும் பி.ஹெச்.பி.யின் ஜேசான் பகுதியைக் கழற்றிவிட்டு, ரெமி கோலே எழுதிய மாற்றைப் பொருத்தின. ஆகவே பழைய ஜேசான் நிரல் எதையாவது உள்ளே நகலெடுத்து வைத்திருக்கும் லைப்ரரியில் இந்த வரியைத் தேடிவிடுவது முதல் வேலை.

தேட ‘லைசன்ஸ்செக்’ உதவும், ஓரளவுக்கு. அது வழக்கமாகக் கோப்பின் தலைப்பகுதியையும் கடைசிப் பகுதியையும் மட்டுமே படிக்கும். அங்கே உரிமம் எழுதியிருக்காவிட்டால் ‘அன்நோன்’ என்று விட்டுவிடும். அந்த ‘அன்நோன்’ பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

வேண்டாத கோப்பு சிக்கியதும் பலர் ஒரு பேட்ச் எழுதி அதை நீக்குகிறார்கள். பிழையே அதுதான். மூல டார் கோப்பையும் டெபியன் விநியோகிக்கிறது. பேட்ச் போட்டாலும் அந்த ஆர்.எஃப்.சி. உள்ளேயே இருக்கும். கல்லோடு சாக்கைத் தைத்துவிட்டு, ‘கல் உண்டு, பொறுக்கிக்கொள்ளவும்’ என்று மேலே சீட்டு ஒட்டுவது போல. டார் கோப்பையே புடைக்க வேண்டும். காப்பிரைட் கோப்பின் தலைப்பகுதியில் ‘ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்’ என்று எழுதி, நீக்க வேண்டியவற்றின் பாதையைத் தர வேண்டும். ‘வாட்ச்’ கோப்பில் ‘ரீபேக்சஃபிக்ஸ்’ சேர்த்து யுஸ்கேனை ஓட்டினால், அதுவே மூலத்தை இறக்கி, அவற்றை நீக்கி, புது டார் கட்டித் தரும். 1.4.2 என்ற பதிப்பு 1.4.2+டிஎஃப்எஸ்ஜி-1 ஆகும். நீக்கியதற்குக் காரணம் உரிமமாக இல்லாவிட்டால் ‘+டிஎஸ்’.

கோப்பு போனதும் அதைத் திறக்கும் சோதனை விழும். அதற்குத்தான் பேட்ச். இன்னும் நல்லது, அதே வடிவில் பத்து வரி மாதிரித் தரவைத் தானே எழுதி வைப்பது.

அடுத்த பள்ளம் எஸ்390எக்ஸ். டெபியனின் அதிகாரபூர்வ கட்டமைப்புகளில் எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைப்பது இது மட்டும்தான். எழுதியவரின் மடிக்கணினியில் நூறு சோதனையும் தேறிய மெசேஜ்பேக் லைப்ரரி இங்கே 1-ஐப் படித்துவிட்டு 1,67,77,216 என்று சொல்லக்கூடும்: கணினியின் பைட் வரிசையைக் கண்டுகொள்ளாமல் எப்போதும் பைட்டுகளைத் திருப்பிப் போட்டதன் விளைவு. வேறு கட்டமைப்பைப் போலச் செய்து காட்டும் கியூஇமு மூலம் முன்னதாகவே ஓட்டிப் பார்த்தால், பிழையை லைப்ரரி எழுதியவருக்கே அனுப்பித் திருத்தம் வாங்க நேரம் இருக்கும். இந்தத் திருத்தத்தைத் தனிப் பேட்சாக வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சுமக்கக் கூடாது.

பிறகு டெபியனின் வளர்நிலைப் பதிப்பான அன்ஸ்டேபிளின் சுத்தமான சூழலில் எஸ்பில்ட் கொண்டு கட்டிப் பார்க்க வேண்டும், அப்புறம் லின்டியன் கொண்டு பிழை தேட வேண்டும். இணையத்தை அடைத்து ஓட்டினால், பில்டின் நடுவே சோதனைத் தரவை இணையத்திலிருந்து இறக்கப் பார்க்கும் நிரல் அங்கே அகப்படும். டெபியன் பில்டில் இணையத்தைத் தொடக் கூடாது.

புதுப் பேக்கேஜைப் பதிவேற்றும் உரிமை டெபியன் டெவலப்பருக்கே என்பதால் புதியவர் மென்டார்ஸ் தளத்தில் வைத்து ஒரு ஸ்பான்சரைத் தேட வேண்டும். முதல் பதிவேற்றம் ‘நியூ’ வரிசையில் நிற்கும். சில நாளிலும் வரலாம், சில மாதமும் ஆகலாம், நச்சரித்துப் பயனில்லை. இந்த முதல் பதிவேற்றத்தில் .டெப் கோப்பும் சேர்ந்தே போக வேண்டும், ஆனால் அப்படிப் போனது அன்ஸ்டேபிளுக்கு அடுத்த நிலையான டெஸ்டிங்குக்கு நகராது. ஏற்கப்பட்ட மின்னஞ்சல் வந்ததும் சேஞ்ச்லாக்கில் -2 என்று எழுதி, மூலத்தை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும்.