ஊசிக்கு முன்னால வயித்தைத் தொட்டுப் பாரு

தங்கச்சி, ரோகு குஞ்சை இனி நீயே பொரிக்கப் போறேன்னு சொன்னியே, மனசு நிறைஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணு. சினை முத்தாத மீனுக்கு எந்த ஊசியும் பலிக்காது.

ரோகு ஆத்து மீன். குளத்துல வளர்ந்தாலும் சினை பிடிக்கும், முட்டைதான் விடாது. ஆத்துல புதுவெள்ளம் வந்தா மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குத் தாக்கல் போகும், சுரப்பி ஹார்மோனைக் கொட்டும், முட்டை பழுத்து உதிரும். குளத்துல மீனோட மூளையில சுரக்கிற டோபமின் குறுக்கே நின்னு அதைத் தடுத்துடுது. ஓவாப்ரிம்ங்கிற ஊசி மருந்துல தாக்கல் கொடுக்கிற ஹார்மோனோட நகலும் இருக்கு, டோபமினை அடக்குற டோம்பெரிடோனும் இருக்கு. இந்த மருந்தெல்லாம் வர்றதுக்கு முன்னால, 1957 ஜூலை 10-ல ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாறை ஊசியா ஏத்தித்தான் நம்ம பெருங்கெண்டையை முட்டை விட வெச்சார். அந்த நாளைத்தான் மீன் வளர்ப்போர் தினமா கொண்டாடுறோம்.

தாய்மீனைப் பொறுக்கறதுலதான் எல்லாமே இருக்கு. முந்தின நாளே தீனியை நிறுத்திடு. முதல் வருஷம், தவிடு தின்னு உப்பின வயித்தைச் சினைன்னு நம்பி ஊசி போட்டேன். விடியவிடியக் காத்திருந்தும் ஒரு முட்டை விழலை. பெண்மீனோட அடிவயிறு மெத்துன்னு இருக்கணும், துவாரம் வீங்கிச் செவந்திருக்கணும். கட்டியா இருந்தா குளத்துலயே விட்டுடு. ஆணோட மார்புத் துடுப்பைத் தடவினா உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், வயித்தை லேசா அழுத்தினாலே வெள்ளையா பால் கசியும். ஒரு பெண்ணுக்கு ரெண்டு ஆண் வை.

மருந்தைக் கண் அளவுல ஏத்தாதே. எடை போட்டு, பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.4 மில்லி, ஆணுக்கு 0.1 முதல் 0.2 மில்லி. ஈரத்துணியால கண்ணை மூடி, முதுகுத் துடுப்புக்குக் கீழே செதிலுக்கு அடியில ஊசியைச் சாய்ச்சுக் குத்து. சாயங்காலம் போட்டா விடியக்காலைக்குள்ள முட்டை விழுந்துடும். தண்ணிச் சூடு 27, 28 டிகிரி இருந்தா நல்லது.

முட்டை தண்ணி குடிச்சு, வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியா நின்னா கரு பிடிச்சிருக்கு. வெள்ளையா மாறினது பழுது. 14-லிருந்து 18 மணி நேரத்துல குஞ்சு பொரிஞ்சு துடிக்கும்.

அடுத்த வருஷத்துக்கு ஆண்மீனை வேற பண்ணையில வாங்கிக்கோ. ஒரே வயித்துக் குஞ்சுகளை மட்டும் ஜோடி சேர்த்துடாதே, தங்கச்சி.