மீதிக் கடிதங்கள்

கோம்பை,
ஆனி 12

அன்புள்ள பாப்பாவுக்குப் பெரியப்பா எழுதிக்கொள்வது. இங்கே ஆனிக் காற்று ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு போகிற மாதிரி அடிக்கிறது.

தாத்தாவின் தகரப்பெட்டியை நீ எடுத்துப் போனதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நல்லதாகப் பத்துக் கடிதம் எடுத்து லேமினேட் செய்து மாட்டப் போகிறேன், மீதியெல்லாம் மாடு, மழை, விலைதானே என்று போனில் சொன்னாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அந்த மீதிதான் முக்கியம்.

பாசமும் புத்திமதியும் யார் வீட்டுக் கடிதத்திலும் கிடைக்கும். தாத்தா ஏலத்தோட்டத்தில் இருந்துகொண்டு அப்பத்தாவுக்கு எழுதியதில் வேறு சங்கதி இருக்கிறது. கமலைக்கு வடக்கயிறு மாற்றியாச்சா, மயிலைக்காளைக்குக் கோமாரி தணிந்ததா, மேலக்காட்டில் கடலை பறிக்க எத்தனை ஆள், என்ன கூலி. 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் வந்து கம்பம், உத்தமபாளையத்து வயல்கள் இருபோகம் விளைந்த கதையைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. பெரியாற்று அணை கட்டிய பென்னிகுவிக் படத்தை டீக்கடையில்கூட மாட்டியிருக்கிறார்கள், மாட்ட வேண்டியதுதான். ஆனால் பதினெட்டாம் கால்வாய் இங்கே வருவதற்கு முன்னால், மலையடிவாரத்தில் கிணற்றையும் மானாவாரியையும் நம்பிக் கிடந்த கோம்பைக் குடும்பம் எப்படிப் பிழைத்தது என்பதற்கு இந்த மாதிரிக் காகிதம்தான் சாட்சி.

உள்ளே ‘பிலவ வருஷம் ஆடி 9’ என்று ஒரு இன்லாண்டு இருக்கும், எடுத்துப் பார். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். அதனால் பிலவ என்றால் 1961, இல்லாவிட்டால் 2021. அச்சடித்த விலையில் ‘நயா பைசா’ என்றிருப்பதால் சந்தேகமே வேண்டாம், 1961தான். நயா பைசா 1957-ல் வந்தது, 1964-ல் ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது. 1961 ஆனி, ஆடியில் கேரளத்தில் பெருவெள்ளம். தோட்டத்தில் மழை விடவே இல்லை, ஏலச்சரம் அழுகுகிறது என்று தாத்தா எழுதுகிறார். அடுத்த வரியில், அங்கே சாரலாவது விழுந்ததா, எள் முளைத்ததா என்று கேட்கிறார். ராமக்கல் மலைக்கு மேலே தோட்டத்தில் அவ்வளவு மழை, கீழே கோம்பையில் வெறும் காற்று. அந்த ஒரு மலை ஏற்றத்துக்குள் இருந்த வித்தியாசம் எந்த மழைக் கணக்கில் இப்படித் தெரியும்? இதைத்தான் நீ மீதி என்கிறாய்.

லேமினேட் மட்டும் செய்யாதே தாயி. சூட்டில் ஒட்டியதைப் பிறகு உரிக்கவே முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம், மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். அப்பத்தா உத்தரத்துக் கம்பியில் குத்தி வைத்ததால் எல்லாவற்றிலும் நடுவே துருப்பிடித்த ஓட்டை இருக்கும், அதை அப்படியே விட்டுவிடு. குண்டூசி, ரப்பர் பேண்டு இருந்தால் எடுத்துவிடு. ஊதா எழுத்தெல்லாம் காப்பியிங் பென்சில். ஈரக்கை பட்டாலே கரைந்துவிடும். மடிப்பை மெதுவாகப் பிரித்து, தூசியை மெல்லிய பிரஷால் தட்டி, கஞ்சி போடாமல் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வை. பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்க்கும். ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் தனித்துணியில் முடிந்து ஓரமாக வை, காகிதத்தின் மேல் தூவாதே.

போனில் படம் எடு. நிழலான வெளிச்சத்தில், முன்பக்கம், பின்பக்கம், விலாசம் எல்லாம் சேர்த்து. தேதி இல்லாத கடிதத்துக்கு உறைதான் துப்பு. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது, அது இருந்தால் அதற்கு முந்தைய கடிதம் இல்லை. ‘மதுரை ஜில்லா’ என்ற விலாசத்தை மட்டும் வைத்து வருஷம் சொல்லிவிட முடியாது, தேனி தனி மாவட்டம் ஆன பிறகும் பழக்கத்தில் அப்படி எழுதியவர்கள் உண்டு. தபால்தலை சேர்க்கிறேன் என்று யாராவது கத்தரிக்கோலோடு வந்தால் விடாதே.

இதெல்லாம் கிழவன் பேச்சு என்று நினைக்காதே. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழக வேளாண் வரலாற்றுக்கென்றே தனியார் வீட்டுக் காகிதங்களைத் தேடிப் படமெடுத்து மின் ஆவணகம் சேர்த்திருக்கிறார்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் 1994-ல் தொடங்கியதே கோட்டையூர்க்காரர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் வரைக்கும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்ததால்தான்.

ஒன்றில் மட்டும் கவனம். கடன், பங்காளி வழக்கு, யாரோ ஒருத்தியின் கல்யாணம் நின்றுபோன சமாச்சாரம் எல்லாம் அதில் உண்டு. அவர்கள் பேரன் பேத்திகள் இதே தெருவில் இருக்கிறார்கள். கிழிக்காதே, வாட்ஸ்அப் குழுவிலும் போடாதே. தனிக்கட்டாகக் கட்டி வை.

கடிதங்களில் வரும் மேலக்காடு எது, ‘சின்னவர்’ யார், ‘தேவாரத்தாள்’ யார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆடிக்குள் ஒரு நோட்டோடு வா. வரும்போது சின்னமனூரில் இறங்கி அத்தையையும் கூட்டிக்கொண்டு வா. தாத்தா கையெழுத்தை நான் வாசித்துவிடுவேன், ஆள் யாரென்று அவளுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
பெரியப்பா