சுண்ணாம்புப் புள்ளி என்றால் பயமில்லையா?



ஆரம்பாக்கத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளிலிருந்தும் வருகிறவர்கள் மார்பு எக்ஸ்ரேயை என்னிடம் நீட்டி, "ஐயரே, சுண்ணாம்பு படிந்திருக்கிறதாம், பயமில்லைதானே?" என்பார்கள். போதகரிடம் கேட்கிற கேள்வியா! ஆகிலும் நம் டாக்டர்களிடம் கேட்டறிந்ததை எழுதுகிறேன்.

காசநோய் ஆறிய இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து வெள்ளைப் புள்ளியாய் நிற்கும். 1915-இல் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் கூடிக் காசநோய் மருத்துவமனை நடத்தும் அளவுக்கு அந்நோய் மலிந்திருந்த தேசமல்லவா? ஆகவே எந்தப் புள்ளியையும் "பழைய தழும்பு" என்று சொல்லிவிடுவது எளிது.

ஆனால் சி.டி. ஸ்கேனில் பார்த்தால், நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகளிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 6 முதல் 10 வரை சுண்ணாம்பு தென்படுகிறது. அது படிந்திருக்கும் விதத்தைத்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். நட்ட நடுவிலோ வளையம் வளையமாகவோ இருந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கியோ, பொடி தூவினாற்போலோ இருந்தால் சந்தேகிக்க வேண்டும். பழைய தழும்பைச் சுற்றிப் புற்றுநோய் வளர்ந்து அதை விழுங்குவதும் உண்டு. ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் நிச்சயம்.

சளியில் கிருமி காணாமலே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கி, இருமல் நிற்காமல் வந்தவர்களின் கட்டிலருகே நான் உட்கார்ந்திருக்கிறேன். தொடக்கத்திலேயே தெரிந்தால் அறுவைச் சிகிச்சையால் கட்டியை அகற்றலாம். பரவிவிட்டால் மருந்தும் கதிர்வீச்சும்தான்.

வீட்டில் பழைய எக்ஸ்ரே இருந்தால் எறியாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முந்தின படத்திலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால், ஊசியே தேவைப்படாமல் போகலாம்.