வெயிலுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

போன சித்திரையில் என் அக்கா மகன் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான். ஏழாவது முடிச்சு எட்டாவது போகிறவன். "மாமா, வெப்பம் மூணு வழியா பரவும். கடத்தல், சலனம், கதிர்வீச்சு" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். சரி வாடா என்று கத்தரி வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நட்டுப் பத்து நாள் ஆன நாற்று. தினமும் தண்ணீர் விட்டும் பாதிக்குப் பாதி சாய்ந்து கிடந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் நன்றாகவே இருந்தது. புழு இல்லை, அழுகல் இல்லை. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் வளையம் போட்டது போலச் சுருங்கிப் பழுப்பாகி இருந்தது. "நீ சொன்ன மூணுல எதுடா நம்ம நாத்தைக் கொன்னது?" என்று கேட்டேன். அவன் முழித்தான். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கும் பதில் தெரியாது. வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நம்ம பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற இந்தப் பாடத்தை இந்த மாதம் நாமும் வயலில் வைத்துப் படிப்போம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடம்: ஆற்றல் அழியாது, உருமாறும்

ஆற்றலை நாம் ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவம் இன்னொரு வடிவமாக மாறும், அவ்வளவுதான். கிணற்று மோட்டாரைப் பாருங்கள். மின்னாற்றல் உள்ளே போகிறது, இயக்க ஆற்றலாக மாறித் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மோட்டார் மேல் கை வைத்தால் சுடும். தண்ணீர் இறைக்கப் பயன்படாத ஆற்றலில் பெரும்பகுதி அந்தச் சூடாகத்தான் போயிருக்கிறது. கணக்கில் எதுவும் காணாமல் போகவில்லை.

இப்போது வெயிலுக்கு வருவோம். மேகமில்லாத நாளில், உச்சி வெயிலில், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு சென்டில் 40 கிலோவாட். 5 எச்.பி. மோட்டாரின் திறன் 3.7 கிலோவாட்தான். அதாவது, பத்து மோட்டார் ஒன்றாக ஓடுகிற அளவு ஆற்றல் ஒரே ஒரு சென்ட் நிலத்தில் நடுப்பகலில் இறங்குகிறது. ஒரு ஏக்கருக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வரவும் எங்கே செலவாகிறது? நான்கு வழி. கொஞ்சம் பட்டுத் தெறித்து வானத்துக்கே திரும்பிப் போகிறது. கொஞ்சத்தை இலை பிடித்து, ஒளிச்சேர்க்கை மூலம் வேதி ஆற்றலாக மாற்றி வைக்கிறது. நமக்குக் கிடைக்கும் நெல், கத்தரி, வைக்கோல் எல்லாம் இந்தக் கணக்கில் வந்ததுதான். ஆனால் நல்ல பயிர்கூடத் தன் மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் இப்படிச் சேமிக்கிறது. மூன்றாவது செலவு, தண்ணீரை ஆவியாக்குவது. நான்காவது, மண்ணையும் காற்றையும் சூடாக்குவது.

வயலில் இலையும் இல்லை, ஈரமும் இல்லை என்றால் என்ன ஆகும்? இரண்டாவது செலவும் மூன்றாவது செலவும் நின்றுபோகும். அந்தப் பங்கும் நான்காவது கணக்கில் ஏறிவிடும். வெறும் மண் கொதிப்பது இதனால்தான்.

இரண்டாம் பாடம்: அடுப்படியில் மூன்று வழி

வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்குப் போகும். போகிற வழி மூன்று. மூன்றையும் அடுப்படியிலேயே பார்க்கலாம்.

குழம்பில் போட்ட இரும்புக் கரண்டியின் பிடி கொஞ்ச நேரத்தில் சுடுகிறதே, அது கடத்தல். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே சூடு கைமாறுகிறது. உலையில் அடியில் சூடான தண்ணீர் மேலே எழும்ப, மேலே இருந்தது கீழே இறங்குகிறதே, அது சலனம். இங்கே சூடான பொருளே இடம்பெயர்கிறது. விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்தால் முகம் காய்கிறதே, அது கதிர்வீச்சு. இடையில் எதுவும் தேவையில்லை. சூரியனின் வெப்பம் வெற்றிடத்தைத் தாண்டி வருவது இந்த வழியில்தான்.

இப்போது எங்கள் நாற்றுக்கு வாருங்கள். வெயில் கதிர்வீச்சாக வந்து வெறும் மண்ணைச் சூடாக்கியது. மேல்மண்ணைத் தொட்டுக்கொண்டு நின்ற இளந்தண்டுக்கு அந்தச் சூடு கடத்தலாகப் போனது. தண்டு அந்த இடத்தில் வெந்துவிட்டது. பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த மண்ணில் வெறுங்காலோடு நம்மால் நிற்க முடியாது. காலை எடுத்துவிடுவோம். நாற்று எங்கே போகும்?

மூன்றாம் பாடம்: மூடாக்குக்குள் இருப்பது காற்று

வைக்கோல், தோகை, சருகு எதைப் போட்டாலும் உண்மையில் நாம் போடுவது காற்று. அசையாமல் அடைபட்ட காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கு மேல் கடத்தும். கூரை வீடு கோடையில் குளுகுளுவென்று இருப்பதும், கம்பளி குளிரைத் தடுப்பதும் இந்த அடைபட்ட காற்றால்தான்.

அதனால் மூடாக்கை மிதித்து அமுக்காதீர்கள். உதிரியாக, நான்கு விரல் உயரத்துக்குக் குறையாமல் கிடக்கட்டும். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மழை பெய்ததும் அழுகல் வரும். செத்த நாற்றை எடுத்துவிட்டு, மாலை வேளையில் மறுநடவு செய்து இப்படித்தான் மூடினோம். பிறகு அந்த வளையம் விழவில்லை.

இதே போர்வை குளிருக்கும் உதவும். இரவில் மண்ணும் இலையும் தங்கள் சூட்டைக் கதிர்வீச்சாக வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. மேகம் இருந்தால் அது ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். வானம் தெளிவாக இருந்தால் சூடு போய்க்கொண்டே இருக்கும். மார்கழியில் வானம் வெளுத்த இரவில் பனி அதிகமாக இறங்குவது இதனால்தான். நீலகிரியில் உறைபனிக் காலத்தில் இளம் தேயிலைச் செடிகளை இலைதழையால் மூடுகிறார்கள். சமவெளியில் வெயிலுக்குச் செய்யும் வேலையை அங்கே பனிக்குச் செய்கிறார்கள்.

நான்காம் பாடம்: மண்பானை சொல்லும் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 315 கிலோஜூல் போதும். அதே ஒரு லிட்டரை முழுதாக ஆவியாக்க ஏறத்தாழ 2400 கிலோஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்! இந்த ஆற்றலைச் சுற்றியிருக்கும் பொருளிடமிருந்துதான் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. பானையின் நுண்துளை வழியாகக் கசிகிற நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் குளிர்கிறது. மரமும் இலை வழியாக நீரை ஆவியாக்கித் தன்னையும் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கிறது. தகரக் கொட்டகை நிழலுக்கும் வேப்பமர நிழலுக்கும் வித்தியாசம் தெரிவது இதனாலும்தான். தகரம் சூடாகி நம்மீது கதிர்வீசும். வேப்பிலை அப்படிச் சூடாவதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெறும் மண்ணிலிருந்து ஆவியாகும் தண்ணீரால் பயிருக்கு லாபமில்லை. இலை வழியாகப் போகும் தண்ணீர் பயிரைக் குளிர்வித்து, விளைச்சலையும் தந்துவிட்டுப் போகிறது. மூடாக்கு முதல் வழியை அடைத்து, தண்ணீரை இரண்டாவது வழிக்கு மிச்சப்படுத்துகிறது. கிணறு வற்றும் மாதத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஐந்தாம் பாடம்: குப்பைக்குள் இருக்கும் வெயில்

இலை சேமித்த வேதி ஆற்றல் சருகிலும் சாணத்திலும் இன்னும் இருக்கிறது. மட்கு உரக் குவியலில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மூச்சுவிடும்போது வெப்பமாக வெளியே வருகிறது. குவியல் 55 முதல் 65 டிகிரி வரை சூடானால் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் செத்துவிடும். 70-ஐத் தாண்டினால் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களே சாகும். அப்போது புரட்டிவிட வேண்டும், காய்ந்திருந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

சிலர் "என் குவியல் சூடே ஆகலையே" என்பார்கள். பெரும்பாலும் குவியல் சிறியதாக இருக்கும். உள்ளே பிறக்கும் சூடு பக்கவாட்டில் உடனே ஓடிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருந்தால் சூடு உள்ளே தங்கும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். நுனியைக் கையால் பிடிக்க முடியவில்லையா? வேலை நடக்கிறது. கம்பி சொல்லும் சேதி கடத்தலால் வந்தது.

ஈர வைக்கோலைப் போர் போடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதும் இதே பாடம்தான். உள்ளே சூடு ஏறிக் கருகும், சில சமயம் தீயே பிடிக்கும்.

இப்போது கரும்புத் தோகைக்குத் தீ வைப்பதை யோசித்துப் பாருங்கள். பல மாத வெயிலைப் பிடித்து வைத்த ஆற்றல் அது. மண்புழுவும் நுண்ணுயிரும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியதை ஒரே மணி நேரத்தில் சூடாக வானத்துக்கு அனுப்பிவிடுகிறோம். மண்ணின் சாப்பாடும் போச்சு, குடையும் போச்சு. அடுத்த நாளிலிருந்து அத்தனை வெயிலும் நேராக மண்ணில்.

செய்து பாருங்கள்

ஆய்வகத்தில் பயன்படுத்தும் சிவப்புத் திரவ வெப்பமானி ஒன்று வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி வேண்டாம், அது 42 டிகிரியோடு நின்றுவிடும். வெறும் மண், மூடாக்கின் கீழ், மரத்தடி என்று மூன்று இடம் எடுங்கள். குச்சியால் இரண்டு அங்குலம் துளைபோட்டு, அதில் வெப்பமானியை இறக்கி, ஐந்து நிமிடம் விடுங்கள். காலை 7, பிற்பகல் 2, மாலை 7 என ஒரு வாரம் பிள்ளைகள் நோட்டில் குறிக்கட்டும். எங்கள் வயலில் வந்த எண்களை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் பிள்ளைகள் அதையே எழுதிவிடுவார்கள்!

எழுதி முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் அதிகம்? மூடாக்கை நனைத்துவிட்டு அளந்தால் எண் ஏன் மாறுகிறது? நாம் மண்புழுவாக இருந்தால் எந்த இடத்தில் குடியிருப்போம்?

அக்கா மகன் ஊருக்குக் கிளம்பும் முன் அந்த நோட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டான். "மாமா, பரீட்சையில இதைக் கேக்க மாட்டாங்களே?" என்றான். "கேக்காட்டி என்ன, அடுத்த சித்திரையில வயல் கேக்கும்" என்றேன்.