பொது அச்சுப்பொறியும் விருந்தினர் அனுமதியும்: முக்கியக் குறிப்புகள்

கணினி வலைப்பின்னல் பாடத்தில் ரூட்டர், ஸ்விட்ச் வரை ஊன்றிப் படிப்பவர்கள் அச்சுப்பொறியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அலுவலகத்துக்கு வரும் விருந்தினருக்கு வேண்டியது இரண்டு பக்கத் தாள்தான். அதற்காக வலைப்பின்னலையே திறந்துவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கீழ்க்கண்டவற்றை அந்தக் கோணத்தில் படியுங்கள்.

● அச்சு நெறிமுறைகளின் போர்ட் எண்கள்: 9100 – ரா முறை (ஜெட்டைரக்ட்), 515 – எல்.பி.டி.; 631 – ஐ.பி.பி. எல்.பி.டி.யை விவரிக்கும் ஆவணம் ஆர்.எஃப்.சி. 1179 (1990).

● 9100-இல் அனுப்புவது யார் என்று கேட்கும் ஏற்பாடே கிடையாது. வந்ததை அப்படியே அச்சடிக்கும். ஐ.பி.பி.யில் மறையாக்கமும் உண்டு, பயனரைச் சரிபார்க்கவும் வழி உண்டு. விருந்தினருக்கு ஒரு போர்ட்டைத்தான் திறக்கலாம் என்றால் அது 631 என்பதற்கு இதுவே காரணம்.

● 2018 நவம்பர் இறுதியில், இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த அச்சுப்பொறிகளை ஷோடான் தேடுபொறியில் கண்டுபிடித்து, யூடியூபர் பியூடிபைக்கு ஆதரவான துண்டறிக்கையை ஒருவர் அச்சிடவைத்தார். சுமார் 50,000 அச்சுப்பொறிகள் என்பது அவர் சொன்ன கணக்கு. நுழைந்த வழி அதே 9100.

● ஸ்டக்ஸ்நெட் (2010): ஈரானின் அணு எரிபொருள் ஆலையைத் தாக்கிய நிரல் என்று மட்டும் படித்தால் போதாது. அது பரவிய வழிகளுள் ஒன்று, அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் விண்டோஸ் பிரிண்ட் ஸ்பூலர். அச்சுப்பொறியைப் பகிர்ந்திருந்த எக்ஸ்.பி. கணினியில் ‘கெஸ்ட்’ கணக்கின் அனுமதியே அதற்குப் போதுமானதாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2010 செப்டம்பர் 14-இல் வெளியிட்ட எம்.எஸ்.10-061 பேட்ச் அந்த ஓட்டையை அடைத்தது.

● பிரிண்ட்நைட்மேர் (2021): சி.வி.இ.-2021-34527. இதுவும் ஸ்பூலரில் இருந்த ஓட்டைதான். அவசர பேட்ச் ஜூலை 6-இல் வந்தது. ஆகஸ்ட் 10-இல் வந்த மாற்றம் நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. அதுவரை ‘பாயின்ட் அண்ட் பிரின்ட்’ முறையில் சர்வரிலிருந்து டிரைவர் தானாக வந்து அமர்ந்துகொள்ளும். அன்றுமுதல் டிரைவரை நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயமானது. வசதி குறைந்தது, ஆனால் எடுத்த முடிவு சரியானது.

● டிரைவர் தேவைப்படாத முறைகள்: ஆப்பிளின் ஏர்பிரின்ட் (2010 நவம்பர், ஐ.ஓ.எஸ். 4.2), கேனான், ஹெச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் நான்கும் சேர்ந்து 2013-இல் தொடங்கிய மோப்ரியா. விருந்தினரின் கைபேசியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதால் இவையே ஏற்ற வழி.

● நடைமுறையில் இடறும் இடம் இது. விருந்தினர் தனி வைஃபையில் சேர்கிறார். கைபேசியில் ‘பிரின்ட்’ தொடுகிறார். பட்டியல் காலியாக இருக்கிறது. ஏர்பிரின்ட் அச்சுப்பொறியைத் தேடப் பயன்படுத்தும் எம்.டி.என்.எஸ். செய்தி (முகவரி 224.0.0.251, யு.டி.பி. போர்ட் 5353) ஒரு துணை வலைப்பின்னலைத் தாண்டி அடுத்ததற்குப் போகாது. உடனே யாரோ ஊழியர் வைஃபையின் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுகிறார். அந்த நொடியில் கோப்பு சர்வர், கணக்குக் கணினி எல்லாம் அவர் கைபேசிக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. செய்ய வேண்டியது வேறு: அச்சுப்பொறியைத் தனி வி-லானில் வைத்து, எம்.டி.என்.எஸ். கேட்வே மூலம் அதன் பெயரை மட்டும் விருந்தினர் பக்கம் காட்டி, ஃபயர்வாலில் 631-ஐ மட்டும் அனுமதிக்க வேண்டும். விளக்க வினா வந்தால் இந்தப் பகுதியை விரித்து எழுதுங்கள்.

● பின் எண் கொடுத்தபின் அச்சாகும் முறை: ஆவணம் அச்சுப்பொறியிலோ சர்வரிலோ காத்திருக்கும், உரியவர் எதிரே நின்று எண்ணை அழுத்தினால்தான் தாள் வெளிவரும். சம்பளப் பட்டியல் தட்டில் கிடந்து வருவோர் போவோர் கண்ணில் படுவதை இது தடுக்கிறது.

● அச்சுப்பொறியின் நிர்வாகப் பக்கத்தின் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றுவது முதல் வேலை. பழைய எஸ்.என்.எம்.பி. பதிப்புகளை (போர்ட் 161) முடக்குவது அடுத்தது.

● லினக்ஸும் விலக்கல்ல: 2024 செப்டம்பரில் கப்ஸ் அச்சு மென்பொருள் தொகுப்பில் வெளியான ஓட்டைகளில் ஒன்று, யு.டி.பி. 631-இல் யாரிடமிருந்து செய்தி வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் சேவையில் இருந்தது (சி.வி.இ.-2024-47176).

● இந்தியாவில்: கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி, இணையப் பாதுகாப்பு நிகழ்வை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அடிப்படை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 70பி பிரிவு.

● ஹார்ட் டிஸ்க்: பெரிய நகல் இயந்திரங்கள் அச்சிட்டதன் படிமத்தை உள்ளே சேமிக்கக்கூடும். அமெரிக்காவின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் வாடகை இயந்திரங்களை வட்டை அழிக்காமல் திருப்பித் தந்தது. 3,44,579 பேர் வரையிலான மருத்துவத் தகவல் வெளிப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2013-இல் 12,15,780 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.